பாட்டு எவ்ளோ நேரம் ஓடோணும்னு யாரு முடிவு பண்றது? கொங்குப் பக்கத்துப் பாட்டுக்காரங்க பேச்சுல கேட்டது

எங்க பக்கம் கோயில் நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு, பாட்டு செட்டு பேச வர்றவங்க மொதல்ல கேக்கறது என்ன பாட்டு பாடுவீங்கன்னு இல்லைங்க, "எத்தன மணி நேரம் ஓட்டுவீங்க?"ன்னுதான். நான் எட்டு வருஷம் ஈரோடு, காங்கேயம், தாராபுரம் சுத்துவட்டாரத்துல ஒரு ஆர்கெஸ்ட்ராவுல கீபோர்டு வாசிச்சவன், இப்ப திருப்பூர்ல வேற சோலி. அந்த எட்டு வருஷத்துல உடுக்கை அடிக்கறவங்க, பறை அடிக்கறவங்க, கும்மி வாத்தியாருங்க, நாதஸ்வரக்காரங்கன்னு மேடைக்குப் பின்னாடி டீ குடிச்சுட்டே நெறய பேருகிட்ட பேசியிருக்கேன். "இத எப்படிங்க உருவாக்கறீங்க"ன்னு கேட்டா ஒருத்தரும் உருவாக்கறதப் பத்திப் பேச மாட்டாங்க, நேரத்தப் பத்திதான் பேசுவாங்க. எத்தன ராத்திரி, எந்நேரத்துக்கு ஆரம்பிக்கோணும், எப்ப சாமி வரும், எப்ப கூட்டம் கலைய ஆரம்பிக்கும், இதேதான். பதில் சொல்லத் தெரியாம சுத்தி வளைக்கறாங்கன்னு அப்ப நெனச்சேன், அது என்னோட தப்பு. அதுதான் பதிலே.

சினிமாக்காரங்க பேட்டில "அந்த டியூன் எப்படிங்க வந்துச்சு"ன்னு கேட்டா "தானா வந்துச்சு"ன்னு ஒரு வார்த்தைல முடிஞ்சுரும். கேக்கறவங்களுக்கும் அது போதும். ஆனா தானா வர்றதுக்கு ஒரு பாத்திரம் வேணுமல்ல, அந்தப் பாத்திரம் எத்தன பெருசுன்னு முடிவு பண்றது பெரும்பாலும் பாட்டுக்காரங்க இல்ல, காசு குடுக்கறவங்களும் கேக்கறவங்களும் கையில இருக்கற கருவியும்தான். கொங்கு நாட்டுப் பாட்டோட கதைய இந்தக் கண்ணுல பாத்தா நெறய விஷயம் வெளங்குது, அதத்தான் எழுதறேன்.

மொதல்ல உடுக்கடிப் பாட்டு. அண்ணன்மார் சாமி கதை, பொன்னர் சங்கர் கதைன்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும். குன்னுடையாக் கவுண்டர், தாமரை, அவங்களுக்குப் பொறந்த பொன்னரும் சங்கரும், தங்கச்சி அருக்காணித் தங்காள், கூடவே இருக்கற சாம்புகன், வேட்டுவங்களோட பகை, கொம்பன்னு ஒரு காட்டுப்பன்றி, கடைசில படுகளம். மணப்பாறைப் பக்கம் வீரப்பூர்ல மாசில நடக்கற திருவிழாவுக்கு இன்னிக்கும் நம்ம பக்கத்துல இருந்து வண்டி வண்டியா போறாங்க. படுகளத்துல ஆளுங்க செத்தவங்களாட்டம் வரிசையா விழுந்து கெடப்பாங்க, தங்காள் தண்ணி தெளிச்சு எழுப்பறாப்பல எழுப்புவாங்க. சின்னப்பையனா எங்க அமுச்சி, அம்மாவப் பெத்த பாட்டி, கூட போயி அதப் பாத்த அன்னிக்கு ராத்திரி நான் தூங்கவே இல்ல.

இந்தக் கதைய ஒரே நாள்ல பாட முடியாது. ராத்திரிச் சாப்பாடு முடிஞ்சு, மாட்டுக்குத் தீனி போட்டுட்டு ஜனங்க வந்து உக்காந்ததுக்கப்பறம் ஆரம்பிச்சா வெடியக்காலம் வரைக்கும் ஓடும், இப்படிப் பல ராத்திரி. உடுக்கை அடிச்சுப் பாடறவர் ஒருத்தர், பின்பாட்டு ஒருத்தர், கொஞ்ச தூரம் பாட்டு, கொஞ்ச தூரம் வசனம். உடுக்கை ரெண்டு பக்கம் அகலமா நடுவுல இடுப்பு சுருங்கி இருக்கும், அந்த இடுப்புல இருக்கற கயித்த அமுக்குனா தோல் இறுகி சத்தம் மேல போகும், விட்டா கீழ எறங்கும். அழுகைக்கு ஒரு அமுக்கு, சண்டைக்கு ஒரு அமுக்கு. தாளம் போடற கருவியே குரலாட்டம் பேசறதுனால ரெண்டே பேர் பல மணி நேரம் கூட்டத்தக் கட்டிப் போட முடியுது.

இத்தன பெரிய கதைய எப்படி மனப்பாடம் பண்ணாங்கன்னுதான் எல்லாரும் கேப்பாங்க. மனப்பாடம் பண்ணலைங்கறதுதான் விஷயம். 1930-கள்ல பேரி, லார்டுன்னு ரெண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் யூகோஸ்லாவியாவுல எழுதப் படிக்கத் தெரியாத கதைப்பாடகர்கள ஒலிப்பதிவு பண்ணி ஒண்ணு கண்டுபிடிச்சாங்க. பாடகர் வரிவரியா மனப்பாடம் பண்றதில்ல, கதையோட எலும்புக்கூடும் அடிக்கடி வர்ற தொடர்களும்தான் அவர்கிட்ட இருக்கும், மீதி அங்கயே கூட்டத்துக்கு முன்னாடி உக்காந்து கட்டறது. நம்ம சங்கப் பாட்டையே இந்தக் கண்ணாடில பாத்து பேராசிரியர் கைலாசபதி 1968-ல இங்கிலீஷ்ல ஒரு பெரிய ஆய்வு நூல் போட்டாரு, அதுல எல்லாத்தையும் ஒத்துக்காதவங்களும் இருக்காங்க, ஆனா சங்கப் பாட்ட வாய்மொழிப் பாட்டாவும் பாக்கலாம்னு ஒரு பெரிய வாசலத் தொறந்து வெச்சது அதுதான்.

உடுக்கைப் பாட்டுல இத நேராவே கேக்கலாம். குதிரைக்குச் சேணம் பூட்டறது, தங்காள் கோலம் போடறது, அண்ணன்மார் தலப்பா கட்டிக் கெளம்பறதுன்னு சில எடங்கள் வர்றப்ப பாட்டு வழக்கமான தடத்துல வண்டி போறாப்பல போகும். நாம அது வர்ணனைன்னு கேட்டுட்டு இருப்போம், பாடறவருக்கு அது மூச்சு வாங்கற எடம். அடுத்த கட்டத்துக்கு என்ன சொல்றதுன்னு அவர் மனசு அப்பத்தான் முன்னாடி ஓடிட்டு இருக்கும். காங்கேயம் பக்கம் ஒரு பெரியவர், எழுவதுக்கு மேல வயசு, எனக்கு இத ரொம்ப எளிமையா சொன்னாரு. பொம்பளைங்க வேலை முடிச்சு வந்து உக்காந்தா தங்காள் நீளுவா, எளவட்டப் பசங்க ஜாஸ்தியா இருந்தா பன்னி வேட்டை நீளும், கூட்டம் தூங்குனா ராசா சீக்கரம் செத்துருவாரு, அவ்ளோதான் கண்ணுன்னாரு. ஒரு படைப்பாளி தன்னோட வேலையப் பத்தி இதவிட நேர்மையா சொல்லி நான் கேட்டதில்ல.

பிரெண்டா பெக்குன்னு கனடா நாட்டு மானிடவியல் ஆய்வாளர் 1960-கள் நடுவுல காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்துல தங்கியிருந்தாங்க. 1965-ல இந்தக் கதைய ராத்திரி ராத்திரியா பாடப் பாட டேப்புல பதிவு பண்ணாங்க, பாடுனவர் ராமசாமி நாட்டார். பின்னாடி 1992-ல சென்னை ஆசியவியல் நிறுவனம் தமிழும் இங்கிலீஷுமா அத புத்தகமா போட்டுது, அதுக்கும் பின்னாடி 26 பாக அனிமேஷனாவும் வந்துச்சு. நடுவுல 1971-ல கவிஞர் சக்திக்கனல் பதிப்பிச்ச அண்ணன்மார் கதையும் அச்சுல இருக்கு. இதெல்லாம் இல்லைன்னா நெறய போயிருக்கும், நான் அந்த வேலைக்கு நன்றியோட இருக்கறவன். ஆனா அச்சுல வந்ததும் ஒண்ணு மாறிப் போச்சு, முன்ன பாடறவர் எவ்ளோ நீட்டுனாலும் அதுதான் கதை, இப்ப புத்தகம் படிச்ச ஒருத்தர் முன்னாடி உக்காந்துட்டு "அந்த எடம் விட்டுப் போச்சுங்களே"ங்கறாரு. விட்டது மறதியா, இல்ல அன்னிக்குக் கூட்டத்தப் பாத்து எடுத்த முடிவான்னு அந்தப் புத்தகத்த வெச்சு எப்படிங்க கண்டுபிடிக்கறது?

இதுக்கு நேர் எதிர்க்கோடி மங்கல வாழ்த்து. கொங்கு வேளாளர் கல்யாணத்துல அருமைக்காரர் சீர் செய்ய, குடிமகன்னு சொல்ற ஊர் நாவிதர் நின்னு பாடற வாழ்த்து அது, கம்பர் பாடுனதுன்னு சொல்ற வழக்கம் இருக்கு. இதுல ஒரு வார்த்தைகூட மாத்தக்கூடாது, பாடறவரும் மாத்தறதில்ல. அப்ப அவரோட கலை எங்க இருக்குன்னா சீரோட வேகத்துக்கு மூச்சப் பிரிச்சு விடறதுல இருக்கு. ஒரம்பரை சனம் பேசிட்டு இருக்கும், போட்டோகிராபர் குறுக்க வருவாரு, அந்தச் சந்தடிக்கு நடுவுல வாழ்த்து முழுசா முடியோணும். இப்பெல்லாம் மண்டபத்துல நேரம் இல்லைன்னு பாதில நிறுத்தச் சொல்றாங்க. மாத்தவே கூடாதுன்னு தலைமுறை தலைமுறையா காப்பாத்திட்டு வந்த பாட்ட, கேட்டரிங்காரங்க பந்தி போடோணும்ங்கறதுக்காக வெட்டறது எனக்கு மனசு ஒப்பல.

பறை இன்னொரு மாதிரி. வேப்ப மரத்துல வளையம் பண்ணி தோல் ஒட்டி, அடிக்கறதுக்கு முன்னாடி வைக்கோல் தீயில காட்டிக் காய வெப்பாங்க, ஒரு கையில நீளமான மெல்லிசு குச்சி, இன்னொரு கையில கட்டையான அடிக்குச்சி. நோம்பி சாட்டறதுக்கு ஒரு அடி, சாமி அழைக்கறதுக்கு ஒரு அடி, எழவுக்கு ஒரு அடின்னு வேற வேற இருக்கு, சினிமாப் பாட்டுத் தாளத்த எடுத்துக் கட்டுனதுக்கு பேரே சினிமா அடி. பழசு பழசுன்னு நாம நெனச்சுட்டு இருக்கற கலைக்குள்ள புதுசா வர்றதுக்கு எப்பவும் கதவு தொறந்துதான் இருந்துருக்குங்கறதுக்கு அந்த ஒரு பேரே போதும். மாரியம்மன் கோயில்ல கம்பம் நட்டதுக்கப்பறம் தெனமும் ராத்திரி கம்பத்தச் சுத்தி ஆடுவாங்க பாருங்க, அங்க மெதுவா ஆரம்பிச்சு வேகம் ஏத்திட்டே போறது முழுக்க அடிக்கறவங்க கையிலதான் இருக்கு. ஆடறவங்க காலப் பாத்துட்டே அடிப்பாங்க, ஒருத்தர் களைச்சா அடி தணியும், புதுசா நாலு பேர் உள்ள எறங்குனா மறுபடி ஏறும்.

ஆனா இவங்க தொழில் வாழ்க்கையப் பத்திப் பேசறப்ப தாளத்த மட்டும் பேசிட்டு விட முடியாது. நோம்பிக்கு மொத சத்தம் அவங்களோடது, சாப்பாட்டுக்குக் கடைசில நிறுத்துனது அவங்களத்தான். இது பழைய கதை இல்லைங்க, நான் மேடையேறுன காலத்துலயும் கண்ணால பாத்தது. இனி எழவுக்கு அடிக்க மாட்டோம்னு விட்டவங்க இருக்காங்க, எம்பையன் இந்தக் குச்சியத் தொடக்கூடாதுன்னு சொன்ன அப்பாக்கள் இருக்காங்க. அவங்க சொன்னதுல ஒரு தப்பும் இல்ல. இன்னொரு பக்கம் கோயமுத்தூர்ல காலேஜ் பசங்க, ஐடி வேலைக்குப் போற புள்ளைங்கன்னு ஞாயித்துக்கெழமை கிளாஸ் போய்ப் பறை கத்துக்கறாங்க, பொண்ணுங்களும் அடிக்கறாங்க. அதனால சொல்லிக் குடுக்கறது, பயிற்சி முகாம், மேடை நிகழ்ச்சின்னு பறைக்கு ஒரு புது தொழில் வழி உண்டாகியிருக்கு. தலைமுறையா அடிச்ச வீட்டுல இருந்து வந்தவங்களுக்கும் அதுல வாத்தியார் எடம் கெடைக்கோணும், இதத்தான் நான் கவனமா பாத்துட்டு இருக்கேன்.

இனி இசைத்தட்டு. கோயமுத்தூர் தாயின்னு ஒரு பாடகி, 1872-ல பொறந்து 1917-ல காலமானவங்க. ஊர்ப் பேரையே பேரா வெச்சுட்டு சென்னைல பெரிய பேர் வாங்குனவங்க, கிராமபோன் ரெக்கார்டு நெறய குடுத்திருக்காங்க. அந்தக் காலத்துல மைக் கெடையாது, ஒரு பெரிய குழலுக்கு முன்னாடி நின்னு சத்தமா பாடோணும், தட்டோட ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம், கொஞ்சம் பெரிய தட்டுன்னா நாலு நிமிஷம். கச்சேரில ஒரு ராகத்த முக்கா மணி நேரம் விரிக்கறவங்க அத மூணு நிமிஷத்துக்குள்ள ஆரம்பிச்சு, பெருக்கி, முடிக்கோணும், எத விடறதுங்கறது அங்கயே பெரிய படைப்பு வேலையா ஆயிருது. பல்லவிக்கு எவ்ளோ, அனுபல்லவிக்கு எவ்ளோ, எங்க வேகமா உருட்டற பிருகா, எங்க நிறுத்தம்னு மனசுக்குள்ள ஒரு கடியாரம் ஓடோணும்.

அந்த மூணு நிமிஷம் எவ்ளோ தூரம் போச்சுன்னா, மொரீஸ் டெலாஜ்னு ஒரு பிரெஞ்சு இசையமைப்பாளர், ரவேலோட மாணவர், தாயியோட ரெக்கார்டக் கேட்டு மயங்கி அத பியானோவுக்கு எழுதுனாரு. மிருதங்கச் சத்தத்துக்காக பியானோவுல ஒரு கம்பிய அமுக்கி மந்தமாக்கி வாசிக்கோணும்னு அதுல குறிப்பு இருக்கு. பியானோவ இப்படி மாத்தி வாசிக்கறத மேல்நாட்டுல பின்னாடி பெரிய புதுமையா பேசுனாங்க, அதுக்கு ரொம்ப முன்னாடியே நம்ம ஊர்ப் பேரு கொண்ட ஒரு பொம்பளையோட பாட்டு அந்த வேலையச் செய்ய வெச்சிருக்கு. கோயமுத்தூர்ல இத்தன பேர் இருக்கோம், எத்தன பேருக்கு இது தெரியும்? எனக்கே நாப்பது வயசுக்கு மேலதான் தெரிஞ்சுது, அந்த வருத்தம் இன்னும் இருக்கு.

தாயிய ரெக்கார்டு சுருக்குச்சுன்னா கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள நாடக மேடை நீட்டுச்சு. 1908-ல காவேரிக்கரைல கொடுமுடில பொறந்தாங்க, சுந்தரர் பதிகம் பாடுன பாண்டிக்கொடுமுடி அதேதான். வறுமை, சின்ன வயசுலயே நாடகக் கம்பெனி. நாடகக் கொட்டகைல மைக் இல்ல, கடைசி வரிசைல தரைல உக்காந்து இருக்கறவனுக்கும் கேக்கோணும்னா சுருதிய ஏத்தித்தான் பாடோணும். அந்த அம்மாவோட குரல் ஏன் அப்படி வானத்தக் கிழிக்கறாப்பல இருக்குதுன்னா அது பொறவிக் குரல் மட்டும் இல்லைங்க, கொட்டகையும் சேந்து வளத்த குரல். கூட்டம் ஒன்ஸ்மோர் கேட்டா அதே பாட்டு இன்னொரு தடவ, அந்தத் தடவ அதே மாதிரி பாடுனா கைதட்டு வராது, அதனால ஒவ்வொரு ஒன்ஸ்மோருக்கும் ஒரு புது சங்கதி, அதே வரிய வேற மாதிரி வளைச்சுப் பாடறது. உடுக்கைக்காரர் சொன்ன விஷயமேதான் இது, நீளம் கூட்டத்துக்கிட்ட இருக்கு, புதுசு பாடறவங்ககிட்ட இருக்கு.

வீட்டுக்காரர், நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933-ல காலமானதுக்கப்பறம் அந்த அம்மாவுக்கு வெள்ளச்சேலைதான், 1935-ல நந்தனாரா ஆம்பள வேஷத்துல படத்துல நடிச்சாங்க, அதுக்கு ஒரு லட்சம் ரூவா சம்பளம். அன்னிக்கு ஒரு லட்சம்னா என்னன்னு யோசிச்சுப் பாருங்க. 1953-ல ஔவையார் படம், சட்ட மேலவை உறுப்பினர் பதவி, 1970-ல பத்மஸ்ரீ. எங்க அமுச்சி கொடுமுடிக்குப் போறப்பெல்லாம் கோயிலுக்குப் போயிட்டு வர்றேன்னு சொல்ல மாட்டாங்க, "சுந்தராம்பா ஊருக்குப் போயிட்டு வர்றேன்"னுதான் சொல்லுவாங்க.

அடுத்தது சிங்காநல்லூர். கோயமுத்தூர் ஒரு காலத்துல சினிமா எடுத்த ஊர், சென்ட்ரல் ஸ்டூடியோ, பட்சிராஜா ஸ்டூடியோன்னு ரெண்டு இருந்துச்சு. சென்ட்ரல் ஸ்டூடியோவுல ஜூபிடர் கம்பெனி படங்களுக்கு இசை எஸ்.எம். சுப்பையா நாயுடு. அங்க எடுபிடி வேலைக்குச் சேந்த பையன்தான் எம்.எஸ். விஸ்வநாதன், ஊர் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளி, நம்ம எல்லையத் தாண்டுனா வந்துரும். அப்பெல்லாம் இசைக்குழுவே ஸ்டூடியோவுல மாசச் சம்பளத்துக்கு இருக்கறது, அதனால டியூன் போடறதும் ஒரு டிபார்ட்மென்ட் வேலை, யார் போட்டாலும் பேரு தலைவருக்கு. 1948-ல வந்த அபிமன்யு படத்துல ஒரு பாட்டுக்கு மெட்டு போட்டது விஸ்வநாதன், திரைல பேரு சுப்பையா நாயுடு. கம்பெனி சென்னைக்குப் போறப்ப, அந்த மெட்டு இந்தப் பையன் போட்டது, இவன விட்டுறாதீங்கன்னு சுப்பையா நாயுடுவே மொதலாளிகிட்ட சொன்னார்ங்கறது எம்.எஸ்.வி. தரப்புல திரும்பத் திரும்ப சொல்லப்பட்ட கதை. அதுக்கப்பறம் ராமமூர்த்தியோட சேந்து 1952-ல பணம் படம், மீதி உங்களுக்கே தெரியும்.

இந்தக் கதைய குருபக்திக் கதையாத்தான் எல்லாரும் சொல்லுவாங்க. நான் அத தொழில் கதையாவும் பாக்கறேன். பேர் இல்லாம போட்ட மெட்டு ஒரு மனுசன் வாயத் தொறந்து சொன்னதால மட்டும் வெளிய வந்துச்சு, சொல்லாம போனவங்க எத்தன பேர் இருப்பாங்க. ஆர்கெஸ்ட்ராவுல நான் வாசிக்கறப்ப எங்க ரிதம் பேட் வாசிக்கற அண்ணன் ஒரு பழைய பாட்டுக்கு நடுவுல புதுசா ஒரு பிட்டு கட்டுனாரு, அது எங்க சீசன் முழுக்க கைதட்டு வாங்குச்சு, அடுத்த வருஷம் நாலு செட்டுல அதே பிட்டு. அண்ணன்கிட்ட கோவம் வரலையாண்ணான்னு கேட்டேன். எனக்கே அது ஒரு தவில்காரர் வாசிச்சதக் கேட்டு வந்ததுதான் தம்பி, கை மாறி வந்தது கை மாறிப் போகுதுன்னாரு. ஆனா அவருக்கு ஒரு நைட்டுக்கு என்ன சம்பளமோ அதேதான் கடைசி வரைக்கும், அந்தப் பிட்டுக்குன்னு ஒரு பைசா ஏறல.

சம்பளம்னதும் ஒண்ணு சொல்லிக்கறேன். மாசில இருந்து சித்திரை வரைக்கும் எங்களுக்கு நோம்பி சீசன், மார்கழில கல்யாணம் கெடையாது, மழைக்காலத்துல ஓப்பன் மேடை நடக்காது. வருஷத்துல நாலஞ்சு மாசம்தான் பொழப்பு, மீதி நாள் பனியன் கம்பெனி, தறிக்குடோன், ஆட்டோ. ஒரு ஊர்ல அஞ்சு மணி நேரம்னு பேசி அட்வான்ஸ் வாங்கிப் போனோம், மழை வந்து ரெண்டு மணி நேரத்துல நின்னுருச்சு, மீதிக் காசு குடுக்க மாட்டேன்னுட்டாங்க கமிட்டிக்காரங்க. வண்டி வாடகை, சவுண்டு செட்டு எல்லாம் எங்க கைக்காசு. மணிக்கணக்குல பாட்ட விக்கறதோட வலி அன்னிக்குத்தான் புரிஞ்சுது. உடுக்கைக்காரருக்கு நெல்லும் வேட்டியும் குடுத்த காலத்துல, மழை வந்தா அடுத்த ராத்திரி பாடுவாரு. பின்னாடி கரோக்கி டிராக் வந்துச்சு, பத்து பேர் வாசிச்ச எடத்துல ஒரு லேப்டாப்பும் ரெண்டு பாடகருமே போதும்னு ஆச்சு, நான் அந்த வருஷமே எறங்கிட்டேன்.

வள்ளி கும்மிக்கு மட்டும் காலம் வேற திசைல ஓடுது. மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டி பத்ரப்பன் ஐயாவுக்கு 2024-ல பத்மஸ்ரீ குடுத்தாங்க, அப்ப அவருக்கு 87 வயசு. ஆம்பளைங்க ஆடிட்டு இருந்த வள்ளி ஒயில் கும்மிய பொண்ணுங்களுக்கும் சொல்லிக் குடுத்தவர். இன்னிக்கு ஊரூருக்குப் பொழுதோட தறி நிறுத்திட்டு, சமையல முடிச்சுட்டு பொம்பளைங்க மைதானத்துல சேந்து பழகறாங்க, அம்பது வயசுல மொத மொதலா மேடையேறுன அக்காமாருங்கள நானே பாத்திருக்கேன். வாத்தியார் ஒரு அடி பாடுவாரு, வட்டம் முழுக்க திருப்பிப் பாடும், வள்ளி தினைப்புனம் காக்கறதுல ஆரம்பிச்சு முருகன் கல்யாணம் வரைக்கும் மெதுவா கெளம்பி கடைசில கால் தரைல நிக்காத வேகம். வேகத்த எப்ப ஏத்தறதுன்னு ஒரு வாத்தியார்கிட்ட கேட்டதுக்கு, வட்டத்துலயே வயசான அம்மாவப் பாத்துத்தானுங்கன்னாரு. சில மேடைல இந்தக் கும்மிக்குள்ள, சொந்தச் சாதிக்குள்ளதான் கட்டிக்குவோம்னு சாதி உறுதிமொழிய நொழச்சது எனக்குக் கொஞ்சமும் ஒப்பல. வேடர் குடில வளந்த பொண்ண சாமி கட்டிக்கிட்ட கதைய ஆடிட்டு அந்த உறுதிமொழிய எடுக்க முடியாதுங்க.

கடைசியா இந்தக் காலத்துப் பசங்க. ஹிப்ஹாப் தமிழா ஆதி கோயமுத்தூர்க்காரர், சத்தியமங்கலத்துல பண்ணாரி அம்மன் காலேஜ்ல இன்ஜினியரிங் படிச்சவர், 2012-ல சினிமாவுக்கு வெளியவே ஒரு ராப் ஆல்பம் போட்டு, இன்டர்நெட்ல பாட்டு பரவி, அப்பறந்தான் சினிமா அவரத் தேடி வந்துச்சு. அவர் பாரதியார் பல்கலைக்கழகத்துல டாக்டர் பட்டம் வாங்குனது எதுக்குன்னு பாத்தீங்கன்னா இசைத் தொழில்முனைவுக்கு. பாட்டுக்காரன் தன் பாட்ட தானே எப்படி விக்கறது, உரிமைய எப்படிக் கையில வெச்சுக்கறதுங்கறது நம்ம ஊர்ப் பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சிப் பொருளா ஆனது சின்ன மாத்தம் இல்ல. 2012-ல பதிப்புரிமைச் சட்டத்துல ஒரு திருத்தம் வந்து, படத்துக்குன்னு எழுதிக் குடுத்தாலும் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் ராயல்டில பங்கு உண்டு, அத எழுதி வாங்கிக்க முடியாதுன்னு ஆச்சு. சிங்காநல்லூர்ல மாசச் சம்பளத்துக்கு மெட்டு போட்டவங்களுக்கு இப்படி ஒண்ணு கனவுலயும் இல்ல.

ஆனா அந்தச் சட்டம் உடுக்கைக்காரர் வரைக்கும் எட்டாது, ஏன்னா சட்டத்துக்கு ஒரு ஆசிரியர் வேணும், பதிஞ்ச ஒரு வடிவம் வேணும். தலைமுறையா வந்த கதைக்கு ஆசிரியர் யாரு? அன்னிக்கு ராத்திரி தங்காள அழ வெச்சு நீட்டுனது அவர்தான், ஆனா அவரே அது என்னோடது இல்ல கண்ணுங்கறாரு. அவர் பாடறத யாராச்சும் ரெக்கார்டு பண்ணா, பாடுனவர்ங்கற முறைல அவருக்கும் உரிமை இருக்கு, அத யாரும் அவருக்குச் சொல்றதில்ல. செல்போன் தூக்கிட்டுப் போற நம்மளாட்டம் ஆளுங்க மொதல்ல அதச் சொல்லோணும், பேரப் போடோணும், கைல ஏதாச்சும் குடுக்கோணும். கோயமுத்தூர் மலுமிச்சம்பட்டில அரசு இசைக் கல்லூரி இருக்கு, ஈரோட்டுலயும் கரூர்லயும் அரசு இசைப்பள்ளி இருக்கு, அங்கெல்லாம் இவங்கள வரவழைச்சு முழுசா ஒரு ராத்திரி பாட விட்டா என்ன? நாமக்கல்காரர் பெருமாள்முருகன் எழுதுன கீர்த்தனைய டி.எம். கிருஷ்ணா கச்சேரி மேடைல பாடறப்ப, நம்ம உடுக்கை அந்த வாசலுக்குள்ள போக எது தடுக்குதுன்னு எனக்கு வெளங்கல.

போன தையில அந்தக் காங்கேயத்துப் பெரியவர் ஊட்டுக்குப் போயிருந்தேன். கூட வந்த என் தங்கச்சி பையன் "தாத்தா, ரீல்ஸுக்கு ஒரு தொண்ணூறு செகண்டு பாடுங்க"ன்னான். சரி கண்ணுன்னு உடுக்கைய எடுத்து, கயித்த ரெண்டு தடவ அமுக்கிப் பாத்துட்டு, கண்ண மூடி பிள்ளையார் காப்புல ஆரம்பிச்சாரு. தொண்ணூறு செகண்டு தாண்டிருச்சு, காப்பு முடியல. பையன் என்னப் பாத்தான், நான் நிறுத்தாதடான்னு கை காட்டுனேன். காப்பு முடிஞ்சு ஊரக் கும்புட்டு, கேக்கறவங்களக் கும்புட்டு, குன்னுடையான் கதை ஆரம்பிக்கறப்ப போன்ல எடம் இல்லைன்னு வந்து ரெக்கார்டிங் நின்னுருச்சு. அவர் கண்ணத் தொறக்கவே இல்ல. உள்ள சமைச்சுட்டு இருந்த அவர் மருமக அடுப்ப அணைச்சுட்டு வந்து நெலவுப்படில உக்காந்தாங்க, அவங்க வந்து உக்காந்த சத்தம் கேட்டதுமே தாமரைக்கு நாலு வரி சேந்துச்சு.